சொட்டும் இடமும் கசியும் இடமும்

காரை நிறுத்தும் இடத்தில் தரையில் ஒரு கறுப்புப் பொட்டு தென்பட்டால், அதற்கு நேர் மேலே இருக்கும் பாகம்தான் கெட்டுவிட்டது என்று நினைப்பது இயல்பு. எஞ்சின் எண்ணெய்க் கசிவைப் பொறுத்தவரை அந்த நினைப்பு பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. எஞ்சினின் உச்சியில் கசியும் எண்ணெய், எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் விளிம்பு வழியாக இறங்கி, அதன் கீழிருக்கும் பிளாக்கின் வார்ப்பு மடிப்புகளில் தேங்கி, வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, எங்கே ஒரு தாழ்ந்த முனை கிடைக்கிறதோ அங்கே திரண்டு சொட்டுகிறது. சொட்டு விழும் இடம் அந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம் மட்டுமே. புறப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஒரு பாகத்தையும் கழற்றக் கூடாது, ஒரு பாகத்தையும் வாங்கக் கூடாது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த நம்பிக்கையைச் சுற்றியே நகர்கிறது.

என்னிடம் இருப்பது பத்து ஆண்டுகளைக் கடந்த, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஒரு சிறிய கார். எஞ்சினும் கியர் பாக்ஸும் இணையும் இடத்தின் அடியில் எண்ணெய் ஈரம் படரத் தொடங்கியபோது, நான் காட்டிய பட்டறையில் வண்டியின் அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “பின்பக்க கிராங்க் ஆயில் சீல் போயிடுச்சு சார், கியர் பாக்ஸ் இறக்கணும்” என்றார்கள். அந்த முடிவு ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனை எஞ்சினிலிருந்து வெளியே வந்து ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தைத் தாங்கும் இடத்தில், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் கிழிந்தால், எண்ணெய் கியர் பாக்ஸின் மணி போன்ற கூட்டுக்குள் இறங்கி இதே இணைப்பின் அடிப்புள்ளியில்தான் வெளிவரும். ஆனால் அந்த இடத்துக்கு எண்ணெய் வந்து சேர வேறு வழிகளும் உண்டு. அந்தச் சீலின் விலை சில நூறு ரூபாய்தான். அதை அடைவதற்கான கூலியோ பல மடங்கு. அவ்வளவு பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், செலவே இல்லாத சோதனைகளை வரிசையாகச் செய்து பார்ப்பது வண்டிக்காரனின் கடமை என்று முடிவு செய்தேன்.

முதலில் உறுதிப்படுத்த வேண்டியது, வழிவது எஞ்சின் எண்ணெய்தானா என்பது. காரிலிருந்து சொட்டக்கூடிய திரவங்கள் பல. ஏசியிலிருந்து வருவது வெறும் தண்ணீர். கோடையில் தரையில் குளம் கட்டினாலும் கவலையில்லை. கூலன்ட் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று ஏதாவதொரு நிறத்தில் இருக்கும், லேசான இனிப்பு வாடை அடிக்கும். பவர் ஸ்டீயரிங்கிலும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸிலும் ஓடுவது பெரும்பாலும் சிவப்பு நிற எண்ணெய். பிரேக் எண்ணெய் வெளிர்மஞ்சள் நிறத்தில் மெலிதாக இருக்கும். அது கசிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. சாதாரண கியர் பாக்ஸ் எண்ணெய்க்குக் கந்தகம் கலந்த ஒரு கடுமையான நெடி உண்டு; ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். எஞ்சின் எண்ணெய் புதிதாக இருக்கும்போது தேன் நிறத்திலும், ஓட ஓடக் கறுத்தும் காணப்படும். இரவில் வண்டியின் அடியில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, முன்சக்கரங்கள் எங்கே வருகின்றன என்பதை அதில் பேனாவால் குறித்து வைத்தால், காலையில் நிறம், அளவு, இடம் மூன்றும் ஒரே தாளில் கிடைத்துவிடும். என் அட்டையில் விழுந்திருந்தது கறுப்பு. கந்தக நெடி இல்லை. கியர் பாக்ஸின் எண்ணெய் அன்று என்பது அதிலேயே தெளிவாயிற்று.

அடுத்தது அளவு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, எண்ணெய் அளவைக் காட்டும் கோலான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். பல சிறிய கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெயைக் குறிக்கிறது. அளவு குறைகிறது, தரையில் பெரிதாக ஒன்றும் விழவில்லை, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகைக்குழாயில் நீலப் புகை வருகிறது என்றால், எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே எரிகிறது என்று பொருள். அது வால்வு சீல், பிஸ்டன் ரிங் சார்ந்த வேறு சிக்கல், வெளிக்கசிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கசிவிலும் தரவேறுபாடு உண்டு. இணைப்பின் ஓரத்தில் தூசி ஒட்டிய ஈரமாக மட்டும் நிற்கும் ஊறலைப் பல ஆண்டுகள் கண்காணித்தபடியே ஓட்டலாம். சொட்டாகத் திரண்டு விழுவதைச் சரிசெய்தாக வேண்டும். புகையை வெளியேற்றும் சூடான குழாய்த்தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மீது விழும் கசிவையோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எஞ்சின் எண்ணெயின் தீப்பற்றுநிலை (அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பம்) பொதுவாக 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏற்றத்திலோ நெடுஞ்சாலையிலோ ஓடி வந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் அந்த வெப்பத்தை எளிதாகத் தாண்டிவிடும். சிக்னலில் நிற்கும்போது காருக்குள் கருகல் வாடை வருவது அதன் முதல் எச்சரிக்கை.

இனி வருவது இந்த வேலையின் இதயம் என்று நான் கருதும் பகுதி: எஞ்சினைக் கழுவுதல். அழுக்கேறிய எஞ்சினில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் ஊற்றுக்கண் தெரியாது. ஆண்டுக்கணக்கில் படிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்த கறுப்புப் பசைக்குள் நேற்றைய கசிவையும் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய கசிவையும் பிரித்தறிய யாராலும் முடியாது. எண்ணெய் மாற்றும்போது ஃபில்டரிலிருந்து வழிந்ததையும், ஊற்றும்போது சிந்தியதையும்கூட அந்தப் பசை தன்னுள் வைத்திருக்கும். அதனால்தான் அடியிலிருந்து விளக்கடித்துப் பார்த்துச் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பையும் நான் முழுதாக ஏற்பதில்லை. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில்கள், ஃபியூஸ் பெட்டி, காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டி, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் எஞ்சின் டீகிரீஸரைத் தெளித்து, ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டு அலசினேன். சர்வீஸ் நிலையங்களில் பயன்படுத்தும் உயர் அழுத்தத் தண்ணீரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அது மின் இணைப்புகளுக்குள் புகுந்து, இல்லாத பழுதுகளை உண்டாக்கும். நம் ஊரில் பலர் மண்ணெண்ணெயோ டீசலோ தெளித்துத் துடைப்பார்கள். அழுக்கு போகும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் எரியக்கூடியவை, பெல்ட்டிலும் ரப்பர் குழாய்களிலும் பட்டால் அவற்றைக் கெடுக்கக்கூடியவை, காய்ந்த பிறகும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்பவை. கசிவைத் தேடும் நோக்கத்துக்கு அந்தக் கடைசிக் குறையே அவற்றை விலக்கப் போதுமான காரணம்.

காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளின் மீது முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடரை மெல்லியதாக ஊதிவிட்டேன். இது பழைய உத்தி. ஆனால் இன்றும் இதற்கு இணையான மலிவான கருவி கிடையாது. வெண்மையான பரப்பில் எண்ணெய் ஊறத் தொடங்கினால் சாம்பல் நிறக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நாம் தேடுவது. இதற்கும் பிடிபடாத கசிவுகளுக்கு எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது: அதை ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் கசிந்த பாதை முழுவதும் மஞ்சள்பச்சையாக மின்னும். எனக்கு அது தேவைப்படவில்லை. எட்டாத இடங்களைப் பார்க்கக் கைப்பேசியின் கேமராவே போதுமானதாக இருந்தது. எஞ்சினின் பின்புறம் கையை நீட்டி, விளக்குடன் காணொளி எடுத்து, பிறகு நிதானமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கசிவைத் தேடும் வரிசையை மேலிருந்து கீழாகவும், முன்னிருந்து பின்னாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் ஊற்றுக்கண். உச்சியில் டாப்பெட் கவர் பேக்கிங், அதாவது ஹெட்டுக்கும் அதை மூடும் கவருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் அடைப்பு. அதை ஒட்டி ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றியுள்ள வளையச் சீல்கள், இவை கெட்டால் பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கி எஞ்சின் விட்டு விட்டு இழுக்கும். பழைய எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் முனையின் ஆயில் சீல். அதற்குக் கீழே பிளாக்கில் திருகப்பட்டிருக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச். பலர் கண்டுகொள்ளாத இந்தச் சிறிய பாகம் உள்ளே கிழிந்தால், எண்ணெய் ஒயர் சொருகும் வாய் வழியாகவே வெளியேறும். ஒயரைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு ஆயில் ஃபில்டர். புதிய ஃபில்டர் போட்ட உடனே கசிவு தொடங்கினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் முழு எண்ணெய் அழுத்தமும் அந்த இடத்தில் இருப்பதால் இரண்டு வளையங்கள் சேர்ந்தால் ஒரேயடியாகப் பீறிட்டுவிடும். டிரெயின் போல்ட்டின் கீழிருக்கும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்காகச் செய்யப்பட்டது. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் மாற்ற வேண்டும், மிகச் சில ரூபாய் பொருள் அது. கடைசியாக எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் இணைப்பு, கிராங்க் ஷாஃப்டின் முன்சீல், பின்சீல்.

என் எஞ்சினைக் கழுவிப் பவுடர் ஊதி, நகரத்துக்குள் ஒரு வழக்கமான ஓட்டம் ஓடி வந்து பானெட்டைத் திறந்தபோது, பதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் டாப்பெட் கவரின் மூலையில், கேம் ஷாஃப்டின் கடைசித் தாங்கியின் (பேரிங்கின்) மூடி ஹெட்டோடு சேரும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு சாம்பல் கோடு தொடங்கி ஹெட்டின் பக்கச்சுவரில் இறங்கியிருந்தது. முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருப்பதால் எஞ்சினின் ‘பின்பக்கம்’ என்பது உண்மையில் கியர் பாக்ஸ் இருக்கும் பக்கவாட்டு முனை. உச்சியின் அந்த மூலையில் கசியும் எண்ணெய் நேராக இறங்கி கியர் பாக்ஸ் கூட்டின் தோளில் விழுந்து, இணைப்பின் விளிம்பைச் சுற்றி ஓடி, அடிப்புள்ளியில் சொட்டும். பின்சீல் கிழிந்தால் சொட்டும் அதே புள்ளி. ஆனால் பின்சீல் கசிவு கூட்டின் உட்புறமாக இறங்கும், வெளிச்சுவர் காய்ந்திருக்கும். என் வண்டியில் வெளிச்சுவர்தான் ஈரமாக இருந்தது. கியர் பாக்ஸை இறக்கி, புதிய பின்சீல் போட்டு, திரும்ப ஏற்றியிருந்தால் அடுத்த நாளே அதே இடத்தில் சொட்டு விழுந்திருக்கும்.

பேக்கிங் ஏன் கெடுகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் காரணத்தை விட்டுவிட்டுப் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் கசிவு திரும்பி வரும். எஞ்சின் எண்ணெய் ஓட்டத்தில் ஏறத்தாழ 90 முதல் 110 டிகிரி வரை சூடாகிறது. சாதாரண நைட்ரைல் ரப்பர் தொடர்ந்து தாங்கும் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரிதான். அக்ரிலிக் ரப்பர் 150 வரை போகும். ஃபுளோரோ ரப்பர் 200 வரை. ஒவ்வொரு நாளும் சூடேறி ஆறும் ரப்பர், ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் நெகிழ்வை இழந்து இறுகுகிறது. அழுத்தத்தை எடுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. சென்னைப் போக்குவரத்தில் நின்று நின்று நகரும் வண்டிக்குக் காற்றோட்டம் குறைவு என்பதால், ஓடிய கிலோமீட்டரைக் காட்டிலும் எஞ்சின் சூடாக இருந்த நேரமே பேக்கிங்கின் வயதைத் தீர்மானிக்கிறது. இது வயோதிகம், தவிர்க்க இயலாதது.

தவிர்க்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் எஞ்சினின் அடிக்கூட்டுக்குள் இறங்குகிறது. அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமான சீல் இருக்கிறதோ அந்த வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். பழைய கார்களில் அந்த வாயுவைத் தரையை நோக்கிய ஒரு குழாய் வழியே சாலையிலேயே விட்டுவிடுவார்கள். காற்று மாசைக் குறைப்பதற்காக 1961-இல் கலிபோர்னியா மாநிலம் புதிய கார்களில் அதை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அந்த ஏற்பாட்டின் நடுவில் இருப்பதுதான் பிசிவி வால்வு. அந்தச் சிறு வால்வோ அதன் குழாயோ எண்ணெய்க் கசடால் அடைத்துக்கொண்டால் அடிக்கூட்டின் அழுத்தம் ஏறும். சோதிப்பது எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியை எடுத்துவிட்டு, ஒரு தாளை அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல எஞ்சினில் தாள் லேசாக உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் அல்லது அசையாமல் கிடக்கும். தூக்கியெறியப்பட்டால் அழுத்தம் இருக்கிறது. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஒலிக்க வேண்டும். என் வண்டியில் அது ஊமையாக இருந்தது; குழாயின் உட்புறம் கறுப்புப் பிசினால் பாதி அடைபட்டிருந்தது. டாப்பெட் கவர் பேக்கிங்கோடு பிசிவி வால்வையும் குழாயையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பது அதில் முடிவாயிற்று.

உதிரிபாகங்களைச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினேன். புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் பாகங்கள் எதுவும் கிடைக்கும், கவர் உடைந்தவர்களுக்கு அது பெரிய உதவி; ஆனால் பேக்கிங், சீல் போன்ற ரப்பர் பொருள்களைப் பழையதாக வாங்கவே கூடாது. புதியதிலும் விலை குறைந்த போலிகள் உண்டு. கையில் எடுத்து வளைத்துப் பார்த்து, வார்ப்பு ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா, பழைய பேக்கிங்கின் அச்சோடு ஒவ்வொரு வளைவும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிளக் குழிச் சீல்களையும் போல்ட்டின் கீழிருக்கும் ரப்பர் வாஷர்களையும் சேர்த்தே வாங்குவது நல்லது. அந்த வாஷர்கள் இறுகிவிட்டால் புதிய பேக்கிங்கின் மீது சமமான அழுத்தம் விழாது.

வேலையைக் குளிர்ந்த எஞ்சினில் தொடங்கினேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காற்று ஃபில்டர் குழாயை எடுத்து, திறந்த வாயில் சுத்தமான துணியைச் சொருகி, ஒவ்வொரு காயிலின் இணைப்பிலும் ஒட்டுத்தாளில் எண் எழுதி ஒட்டிய பிறகே காயில்களை உருவினேன். டாப்பெட் கவரைத் தூக்கும் முன் அதன் மீதும் சுற்றிலும் உள்ள மணலைத் துடைத்துவிடுவது முக்கியம். கவரைத் தூக்கிய கணத்தில் கேம் ஷாஃப்டும் வால்வுகளும் திறந்த வெளிக்கு வந்துவிடும், அங்கே விழும் ஒரு மணல்துகள் நேராகத் தாங்கிகளுக்குப் போகும். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, குறுக்கும் நெடுக்குமாக, ஒரே தடவையில் முழுதாகக் கழற்றாமல் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் போதும். அலுமினியப் பரப்புக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புவது, ஒரு கசிவைச் சரிசெய்யப் போய் நிரந்தரமான இன்னொன்றைச் செதுக்குவதாகும்.

வெளியே வந்த பேக்கிங் ரப்பராகவே இல்லை. வளைத்தவுடன் முறிந்தது. கியர் பாக்ஸ் பக்கத்து மூலையில் அது தட்டையாகி, தன் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பாமல் கிடந்தது. ஹெட்டைத் தொடுவதற்கே அதற்கு உயரம் மிஞ்சவில்லை. பள்ளத்தில் ஒட்டியிருந்த துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் இரு பரப்புகளையும் எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இல்லாமல் துடைத்தேன். கிளீனரைத் துணியில் தெளிக்க வேண்டும். எஞ்சினுக்குள் தெளித்தால் உள்ளிருக்கும் எண்ணெயோடு கலந்துவிடும். கவரின் அடிப்பரப்பில் ஒரு எஃகு அளவுகோலை நிறுத்தி வைத்து ஒளி கசிகிறதா என்று பார்த்தேன். பிளாஸ்டிக் கவர்கள் வெப்பத்தில் வளைவது வழக்கம். வளைந்த கவருக்கு எந்தப் பேக்கிங்கும் பொருந்தாது, கவரையே மாற்ற வேண்டியதுதான்.

சிலிக்கான் பசையைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அனபாண்ட் என்று பொதுப்பெயராகவே வழங்கும் அந்தப் பசை, சரியான இடத்தில் சரியான அளவில் இட்டால் மிக நல்ல பொருள். ஆனால் ரப்பர் பேக்கிங்கின் சுற்றளவு முழுவதும் அதைப் பூசுவது பெரிய தீங்கு. பேக்கிங் வழுக்கிக்கொண்டு பள்ளத்தை விட்டு விலகும்; உட்புறமாகப் பிதுங்கி நிற்கும் பசை காய்ந்து, துண்டாக முறிந்து, எண்ணெயோடு இறங்கி, சம்ப்பில் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். வலை அடைத்தால் எண்ணெய் அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் எஞ்சினே போய்விடும். சில நூறு ரூபாய்க் கசிவை நிறுத்தப் போய் எஞ்சினை இழப்பது அப்படித்தான் நேர்கிறது. பேக்கிங் உலர்ந்த நிலையில் உட்கார வேண்டும். தாங்கி மூடியும் ஹெட்டும் சேரும் மூலைகளைப் போல மூன்று பரப்புகள் சந்திக்கும் இடங்களில் மட்டும், தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் இடத்தில், ஒரு சிறு துளி. என் எஞ்சினில் கசிந்த மூலை அத்தகைய இடம்தான். காடி வாடை அடிக்கும் பசையை வாங்க வேண்டாம். காயும்போது அது வெளிவிடும் அமிலம் உலோகத்தையும் சென்சாரையும் அரிக்கும். எஞ்சினுக்கென்று விற்கப்படும் வகையே சரி. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காய்வது. முழுதாக இறுகப் பொதுவாக 24 மணி நேரம் ஆகும். அதுவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

முடுக்கும் விசையில்தான் வீட்டில் செய்யும் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. டாப்பெட் கவர் போல்ட்டுகளுக்குப் பல எஞ்சின்களில் விதிக்கப்படும் விசை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். அதாவது, 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பிடியின் முனையில் 10 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் விசை அவ்வளவுதான். ‘நல்லா டைட்டா இருக்கட்டும்’ என்று கைப்பழக்கத்தில் முடுக்கினால் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கும், கவர் வளையும், அலுமினியத்தில் வெட்டப்பட்ட மரை கழன்றுவிடும். கையேட்டில் உங்கள் எஞ்சினுக்கு உள்ள எண்ணைப் பார்த்து, முடுக்கும் விசையை அளந்து காட்டும் சிறிய டார்க் ரெஞ்சு கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றுகளில் முடுக்க வேண்டும். பழைய கார்க் பேக்கிங்குகளை எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு மறுபடி முடுக்கும் வழக்கம் இருந்தது. ரப்பர் பேக்கிங்குக்கு அது தேவையில்லை, தீங்கும்கூட.

பசை இறுகிய மறுநாள், எல்லா இணைப்புகளையும் எண் பார்த்துச் சொருகி, எண்ணெயை மேல்கோடு வரை நிரப்பி ஸ்டார்ட் செய்தேன். தாளை வைத்துப் பார்த்தபோது அது லேசாக உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டது. மூலையில் மீண்டும் பவுடர் ஊதி ஓட்டிப் பார்த்ததில் வெண்மை அப்படியே இருந்தது. கியர் பாக்ஸ் இணைப்பின் அடியைத் துடைத்து, அட்டையை விரித்து வைத்து வந்தேன். புதிய பொட்டு விழவில்லை. முன்பு பார்த்த பட்டறைக்குப் போய்ப் படங்களைக் காட்டியபோது, அங்கிருந்த மூத்த மெக்கானிக் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “கழுவிட்டுப் பார்த்திருக்கணும் தம்பி” என்று தன் உதவியாளரிடம் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இனி அங்கேதான் என் பெரிய வேலைகளைக் கொடுப்பேன்.

மாற்று வழிகள் என்று சொல்லப்படுபவை இரண்டைப் பற்றி ஒரு சொல். எண்ணெயில் ஊற்றும் கசிவடைப்பான் திரவங்கள் இறுகிய ரப்பரை ஊறச்செய்து தற்காலிகமாக வீங்க வைக்கின்றன. சுழலும் ஷாஃப்டின் சீலில் சில மாதங்களுக்குப் பயன் தரலாம், தட்டையாகிப்போன பேக்கிங்குக்கு எந்தப் பயனும் இல்லை. தடித்த எண்ணெய்க்கு மாறுவதும் அப்படியே. 5டபிள்யூ30 என்ற மெல்லிய எண்ணெயைக் கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ50 என்ற தடித்ததை ஊற்றினால் சொட்டும் வேகம் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உச்சிக்கு எண்ணெய் ஏறும் வேகமும் குறையும். அந்த விலையைக் கொடுக்க நான் தயாரில்லை.

வீட்டில் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு. வண்டிக்கு அடியில் போக நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சமமான கெட்டித் தரையில் ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கையால் தள்ளி அசைத்துப் பார்த்த பிறகே தலையை நுழைக்க வேண்டும். வீட்டு வாசலில் அதற்கு வசதி இல்லாதவர்கள் மேலிருந்து செய்ய முடிகிற வேலைகளோடு நிறுத்திக்கொள்வதே சரி. உண்மையிலேயே பின்சீல் கசிகிறது என்று உறுதியானால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கியர் பாக்ஸ் இறங்கும்போதே கிளட்ச் தட்டையும் பார்த்து, எண்ணெய் பட்டிருந்தால் சேர்த்து மாற்றிவிடச் சொல்லுங்கள், அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேராது.

கழிவு எண்ணெயையும் எண்ணெய்த் துணிகளையும் சாக்கடையில் விடவோ குப்பையோடு எறியவோ கூடாது. இந்தியாவில் பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் பட்டறைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. பழைய எண்ணெய் தோலில் தொடர்ந்து படுவதும் நல்லதன்று, ஆகையால் கையுறை அணிந்தே வேலை செய்கிறேன்.

கழுவியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கிராங்க் ஷாஃப்டின் முன்சீலின் கீழ்விளிம்பில் லேசான ஊறல் இருக்கிறது, சொட்டாகத் திரளவில்லை. அதை அடைய டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், பெல்ட்டின் பற்கள் தவறி அமைந்தால் வால்வு வளையும் ஆபத்து உள்ள வேலை அது. பெல்ட்டின் கெடு நெருங்கி வருகிறது. அப்போது பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப், கேம் சீல், கிராங்க் முன்சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் அந்த மூத்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுவதாக இருக்கிறேன். அதுவரை பானெட்டைத் திறக்கும் போதெல்லாம் அந்த விளிம்பை ஒருமுறை துடைத்து, ஈரம் எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று குறித்து வருகிறேன்.